பூஜையிலிருந்து எடுத்த பென் டிரைவ்

கம்ப்யூட்டர், லேப்டாப் பழுது பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்.

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்னத்தை எழுதிவிடப் போகிறான் என்ற கூச்சம் இருந்தது வாஸ்தவம். ஆனால் நிஜக் காரணம் அது இல்லை. எழுதினால் சாமி காரியத்தைக் கேலி செய்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், ஒரு நாள் சாயங்காலம் ஒரு மனுசர் முன்னால் நான் வாய் திறக்காமல் நின்றது வெளியே தெரிந்துவிடும் என்பது.

இப்போது கடையை விட்டுவிட்டேன். கண்ணுக்குச் சின்ன ஸ்குரூ தெரிவதில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் நாள் நீளமாகக் கிடக்கிறது. கண்ணை மூடினால் பழைய மிஷின்கள் ஒவ்வொன்றாக வரும். பல்லி முட்டையிட்டிருந்த பவர் சப்ளை, வெள்ளம் வந்த வருடம் சேற்றோடு தூக்கிவந்த மானிட்டர். அவை வந்து போய்விடும். ஒரே ஒரு லேப்டாப் மட்டும் போகாமல் நிற்கும். கறுப்புத் திரை, இடது மூலையில் விட்டு விட்டு மின்னும் சின்னக் கோடு. அந்தக் கோட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அன்று ஆயுத பூஜை. டவுனில் கீழ்வாசல் பக்கம் இருந்தேன்; கீழே கடை, மாடியில் வீடு. எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு ஒரு முறை உண்டு. என் தகப்பனார் அரிவாள் பிடித்து வயலில் இறங்கியவர். அரிவாளுக்குப் பொட்டு வைக்கும்போது கைப்பிடியில் வைக்கமாட்டார், அறுக்கிற வாயில்தான் வைப்பார். “எந்த எடம் வேல செய்யுதோ, சாமி அங்கதான் ஒக்காந்திருக்கு” என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. திருப்புளிக்கு நுனியில், பற்றவைக்கிற அயனுக்கு முனையில். பென் டிரைவுக்கு எங்கே? மிஷினுக்குள் நுழைகிற அந்தத் தகர மூக்கில். என் வீட்டுக்காரி இழைத்துக் கொடுத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். கடைக் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு நடுவில் வைத்து, அதன் முன்னால் விளக்கை ஏற்றினேன். பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டிய பிறகுதான் எதையும் தொடுவது. அதுவரை ஆணி பிடுங்கக்கூட ஒரு சாமானை எடுக்கமாட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவே கதவடைத்துக் கிடந்தது. நின்ற வண்டிகளின் சக்கரத்துக்கடியில் நசுங்கின எலுமிச்சம்பழம். எங்கேயோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் அது பக்கத்தில் வந்து, மறுபடியும் தூரப் போனது. ஊருக்குள் ஓடும் புது ஆற்றில் தண்ணீர் நிறைந்து போன நாள். அந்தப் பக்கமிருந்து ஈரவாடை வந்துகொண்டிருந்தது. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாத நேரம்.

“மொதலாளி, கடை தொறந்திருக்கான்னு கேக்கல. நீங்க இருக்கீங்களான்னுதான் கேக்குறேன்.”

கண்ணைத் திறந்தால், தெருவில் ஒரு மனுசர். என் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பக்கத்தில் ஒரு பெண், லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். அவர் வெகுகாலம் பிறத்தியார் வயலில் கூலிக்கு இறங்கி, அப்புறம் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைத்தவர். பெண் பெயர் கலையரசி. கால்நடை மருத்துவம் படித்து முடித்தவள். இதெல்லாம் அவர் நின்ற இடத்திலிருந்தே ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

“வாங்கண்ணே, உள்ள வாங்க” என்றேன்.

“இருக்கட்டும் மொதலாளி, பூஜ போட்ட எடம்” என்று படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். நானும் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

கலையரசி லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். “நேத்து சாயங்காலம் அப்டேட் ஓடிக்கிட்டிருக்கறப்ப கரண்டு போயிடுச்சு சார். பேட்டரியும் தாங்கல. அதுலேர்ந்து வட்டம் மட்டும் சுத்துது, உள்ள போகவே மாட்டேங்குது.”

“உள்ள என்னம்மா இருக்கு?”

“ரெண்டு வருசம் இருக்கு சார். ஊர் ஊரா, கொட்டாய் கொட்டாயா போயி மாட்டுக்கு வர்ற மடிநோயப் பத்தி எழுதுனது. வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எடம் கேட்டிருக்கேன். இன்னிக்கி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அந்தக் கட்டுரைய ஏத்தணும். ஏத்தலன்னா அடுத்த வருசம்தான். அடுத்த வருசம் உதவித்தொகை கெடைக்குமான்னு தெரியாது.”

“பூஜ நாளு அன்னிக்கா கெடு வைப்பாங்க?”

“நானும் அதத்தான் கேட்டேன் மொதலாளி” என்றார் அவள் அப்பா. “அந்த ஊர்ல ஆயுத பூஜயே கெடையாதாம். என்ன ஊரோ.”

காலேஜ் பூட்டியிருக்கிறது. வேறு கடை எதுவும் திறக்கவில்லை. ஆடி மாதத்தில் எடுத்த நகல் ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு எழுதியதுதான் முக்கியமானதெல்லாம். மாடலைப் பார்த்தேன். சேமிப்பு முழுக்க போர்டிலேயே பற்றவைத்துவிட்ட வகை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டி எடுக்கிற வழி கிடையாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைக் கிளப்பி, அதன் வழியாக உள்ளே போய்க் கட்டுரையை எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் லினக்ஸ் போட்ட பென் டிரைவ் சாமி முன்னால் இருந்தது.

“இன்னிக்கி எடுக்க முடியாதும்மா. பூஜையில வச்சிட்டேன்” என்றேன்.

அந்தப் பெண் மணியைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரிதான் பேசினாள்.

“ஏங்க, சரஸ்வதி பூஜ அன்னிக்கி படிக்கிற புள்ளயத் திருப்பி அனுப்புறதுக்கா விடியக்காலையில எழுந்து சந்தனம் எழச்சேன்?”

“மறுபூஜ போடாம எப்படிடி எடுக்கறது?”

“கையாலதான். கும்புட்டுட்டு எடுங்க.”

எடுத்தேன். விளக்குக்கு முன்னால் நின்று, “தாயே மன்னிச்சுக்க, இது ஒண்ணே ஒண்ணுதான்” என்று சொல்லிக்கொண்டு எடுத்தேன். தம்பிகளா, இந்த ‘ஒண்ணே ஒண்ணுதான்’ என்ற இடத்தில்தான் நான் சறுக்கினேன். வாடிக்கையாளர் மிஷின் கிளம்பவில்லையென்றால் முதலில் நம் பென் டிரைவை நம் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மிஷினைச் சந்தேகப்பட வேண்டும். வருடக்கணக்காக அதை மீறாமல் இருந்தவன் நான். அன்று கடைக் கம்ப்யூட்டர் மாலையோடு விளக்குக்குப் பின்னால் இருந்தது. பென் டிரைவை எடுத்ததே பாவம், அதையும் நகர்த்துவானேன் என்று விட்டுவிட்டேன். பூஜை முறையை மீறுவது என்று இறங்கியாகிவிட்டது, ஆனால் கொஞ்சமாக மீறினால் சாமிக்குக் கோபம் குறையும் என்று ஒரு கணக்கு. மேலே இருந்த பொட்டைத் துண்டு நுனியால் துடைத்துவிட்டுச் செருகினேன்.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளி டிரைவைத் தடுக்கிற ‘செக்யூர் பூட்’டை அணைப்பது, மிஷின் எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற வரிசையை மாற்றுவது. பென் டிரைவின் பெயர் பட்டியலில் வந்தது. அமுக்கினேன். திரை கறுத்தது. மூலையில் அந்தக் கோடு மின்னியது. மின்னிக்கொண்டே இருந்தது.

அணைத்துவிட்டு அடுத்த துளையில் செருகினேன். இந்தத் தடவை பெயரே வரவில்லை. மறுபடி முதல் துளை. வந்தது, போயிற்று. நாதஸ்வரம் பக்கத்தில் வந்து தூரப் போகிற மாதிரியே. ஊதுபத்திப் புகை கடைக்குள் அசையாமல் நின்றது. கறுப்புத் திரையில் என் முகமும், பின்னால் விளக்குச் சுடரும், வாசலில் அவள் அப்பாவின் வெள்ளை வேட்டியும் மிதந்தன. எவ்வளவு நேரம் அதையே பார்த்திருந்தேனோ. ஏதோ நிறைந்த குளத்துக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பூஜையைக் கலைத்ததற்குச் சாமி பதில் சொல்கிறது என்றே நினைத்தேன். அப்படி நினைத்த பிறகு யோசனை ஓடுமா? ஓடவில்லை.

நாலரை ஆகிவிட்டது. போர்டே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். கடைசியாக ஒரு வழி பாக்கி. மிஷினே தன்னைத்தானே மீட்டுக்கொள்கிற வழி. ‘உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு’ என்று அது சொல்லும். அப்படிச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் விரலை அதன்மேல் கொண்டுபோனேன். பதற்றத்தில் இருக்கிறவனுக்குச் சும்மா இருப்பதைவிட எதையாவது அமுக்குவது சுலபம்.

“சார், அத அமுக்குனா?” என்றாள் கலையரசி.

“பொழச்சாலும் பொழைக்கும்மா.”

“இல்லன்னா?”

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “மாடு தீனி எடுக்கலன்னு ஓடிவருவாங்க சார். ஒடனே ஊசி போட மாட்டோம். மொதல்ல வாயத் தொறந்து பாப்போம். பாதி நாளு நாக்குக்கடியில முள்ளுதான் இருக்கும்.” போன் வெளிச்சத்தை அடித்து, அந்தச் சின்னத் துளைக்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். “சார், இங்க மஞ்சளா ஏதோ அப்பியிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. காய்ந்து, பொறுக்குத் தட்டி, தகடுகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மாட்டுக் கொட்டாயில வச்சுத் தட்டுனா இப்படித்தாம்மா. சாணித் தூசி. படிச்ச புள்ள, ஒரு சுத்தமான எடத்துல வச்சு எழுதக் கூடாதா?”

வாசலில் நின்றவர் முகம் சுருங்கிவிட்டது. “நான் அப்பவே சொன்னன்ல பாப்பா” என்றார் மகளிடம், மெல்ல. “நம்மூட்டு எடம் அப்படி. மொதலாளி தப்பா எடுத்துக்காதீங்க. கொட்டாய் ஒட்டித்தான் ஒரே ஒரு லைட்டு. அங்க ஒக்காந்துதான் எழுதும்.”

நான் ஸ்பிரிட்டை ஒரு பிரஷ்ஷில் தொட்டு உள்ளே விட்டேன். முதல் தடவை இழுத்தபோதே தெரிந்துவிட்டது. வாசனை. ஸ்பிரிட் நெடி அடங்கியதும் அதனடியிலிருந்து சந்தனம் எழுந்து வந்தது, விடியற்காலையில் என் வீட்டுக்காரி இழைத்த அதே சந்தனம். பென் டிரைவைத் திருப்பி அதன் மூக்குக்குள் பார்த்தேன். நான் வைத்த பொட்டு ஈரத்தோடு உள்ளே வழிந்து, அங்கே காய்ந்திருந்தது. துடைத்ததெல்லாம் வெளியேதான். அவள் மிஷின் மேல் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு துளையாகச் செருகிச் செருகி, என் சந்தனத்தை அதன் வாயில் நான்தான் ஊட்டியிருக்கிறேன்.

அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பென் டிரைவைச் சுத்தம் செய்தேன். துளைகளைச் சுத்தம் செய்து, காயவிட்டு, செருகினேன். மடை திறந்த மாதிரி வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. லினக்ஸ் வந்துவிட்டது. உள்ளே கட்டுரை பத்திரமாக இருந்தது. அங்கிருந்தே அவள் போனிலிருந்து இணையத்தை எடுத்து ஏற்றினாள். போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும்போது ஆறுக்கு இருபது நிமிடம் இருந்தது. அந்தப் பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அவள் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “எங்கூட்டுத் தூசி நல்ல நாளும் அதுவுமா ஒங்களுக்குச் செரமம் குடுத்துடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ‘அண்ணே, தூசி இல்ல, என் சந்தனம்’ என்று ஐந்தாறு சொல்லில் முடிந்திருக்கும். “பரவால்லண்ணே” என்று சொன்னேன்.

என் வீட்டுக்காரி சுண்டலும், சந்தனம் குங்குமத் தட்டும் கொண்டுவந்து நீட்டினாள். கலையரசி விரலால் சந்தனத்தைத் தொட்டாள். நெற்றிக்குக் கொண்டுபோகிற கை மூக்குக்கு நேராக ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு வைத்துக்கொண்டாள். “வர்றேன் சார்” என்றாள். அவ்வளவுதான்.

இடம் கிடைத்து அவள் வெளிநாடு போனாள். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரிக்குப் போன் செய்வாள். நான் கடையில் வேலை இருக்கிற மாதிரி இறங்கிப் போய்விடுவேன். கடையை விட்ட வருடம் இறங்கிப் போக இடம் இல்லை. போன் என் கைக்கு வந்தது.

“சார், பென் டிரைவுக்குப் பொட்டு வச்சாச்சா? மூடியப் போட்டுட்டு வைங்க” என்று சிரித்தாள்.

“அன்னிக்கே தெரியுமாம்மா?”

“அம்மா நீட்டுன தட்டுல சந்தனத்த மோந்து பாத்தன்ல சார்.”

“ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?”

“அப்பாகிட்ட நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்” என்றாள். சிரிப்பு நின்றிருந்தது. “நான் சொன்னா அவரு நம்பல. ‘மொதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு’ன்னுட்டாரு.”

மறுநாள் மறுபூஜை முடிந்த கையோடு ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன். சம்பா நட்டு முடித்திருந்த நேரம். வழியெல்லாம் வயலில் தண்ணீரும், தண்ணீரில் மேகமும். பஸ் தரையில் போகிறதா அந்த மேகத்துக்குள் போகிறதா என்று தெரியவில்லை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்கும்போது எல்லாம் மறந்துவிட்டது.

அவர் வயலில் மண்வெட்டியோடு மடை கட்டிக்கொண்டிருந்தார். “அட, மொதலாளி!” என்று நிமிர்ந்தார். நான் வரப்பில் நின்றபடியே சொன்னேன்.

“அண்ணே, அன்னிக்கி பாப்பா லேப்டாப்புல இருந்தது ஒங்க கொட்டாய்த் தூசி இல்ல. நான் பென் டிரைவுக்கு வச்ச சந்தனம்.”

அவர் ஒரு கட்டி மண்ணை வெட்டி மடையில் வைத்து, காலால் மிதித்தார். “சந்தனமா?”

“ஆமாண்ணே.”

“அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?”

“தொடைக்கறப்பவே தெரியும்.”

இன்னொரு கட்டி மண் வைத்தார். தண்ணீர் நின்றுவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சந்தனமோ சாணியோ, வாயில போனா எந்த மாடு தீனி திங்கும்?” என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிப்பு முடிந்ததும் சொன்னார்.

“அந்த வருசம் நான் கொட்டாயப் பிரிச்சு அந்தக் கோடியில கட்டுனேன், தெரியுமா தம்பி? பாப்பா அடுத்த தடவ ஊருக்கு வந்து எழுதுறப்ப தூசி படக் கூடாதுன்னுட்டு. மாடு ரெண்டுக்கும் புரியல. ஒரு மாசம், மேஞ்சுட்டு வந்து பழைய எடத்துலயே நிக்கும். மழையில நிக்கும். புடிச்சு இழுத்துட்டுப் போவணும்.”

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு வந்து, “எழுந்திரிங்க, வூட்டுக்குப் போயி டீத்தண்ணி குடிப்போம்” என்றார். போனேன். உள்ளே போய் உட்கார்ந்து குடித்தேன். வாசலில் பழைய கொட்டாய் இருந்த இடம் மட்டும் புல் முளைக்காமல், மண் இறுகிக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் இன்றைக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறவன்தான். மூடி போட்டு, மூடிமேல் வைக்கிறேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்றும் கோபித்திருக்காது. எழுந்து வராத மிஷின் உங்கள் முன்னால் கறுப்பாக நிற்கும்போது, முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். அதில் குறை இருந்தால், எதிரே நிற்கிறவர் கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம்.

இதை நீங்கள் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாமி தடுத்தது என்று பெரிதாக்காதீர்கள், பூஜை போட்டதால் வந்த வினை என்று சிரிக்கவும் சிரிக்காதீர்கள். என் வயதை நினைத்து, எனக்குச் சங்கடமாக இருக்குமென்று, சந்தனத்தைத் தூசி என்று மாற்றிவிடாதீர்கள். அதை ஒரு தடவை நானே செய்து முடித்துவிட்டேன்.